இடது பக்கச் சரிவு

கத்தியிலிருந்து ஒரு சில்லு தெறித்து மீனுக்குள் போய்விட்டது என்று தங்கச்சி சொன்னபோது, ஹோட்டல்காரர் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார்.

தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. மீன் மார்க்கெட்டில் நான் ஐஸ் விற்கிறேன். என் ஐஸ் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் இருப்பது அவளுடைய வெட்டுக்கட்டை. வீட்டிலும் அப்படித்தான், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டுப் பூனை எழுந்து உட்காரும். விடியுமுன் சுவரைத் தட்டி "ஐஸண்ணே, எழுந்தாச்சா?" என்று கேட்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவள் தங்கச்சி ஆனதால் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை ஆனார். உறவுதான் வாயளவில், மாப்பிள்ளை முறுக்கு நிஜமாகவே இருந்தது.

"சார், கூடையக் கீழ வையுங்க. ஒரு துண்டையும் யாரும் தொடக் கூடாது," என்றாள் தங்கச்சி. கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். விளிம்பில், வெட்டிப் போட்ட நகம் அளவுக்கு ஒரு பள்ளம். நடுமுள்ளில் வைத்து ஒரு சின்ன மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். புத்தம்புதுக் கத்தி. மாப்பிள்ளை முந்தின நாள்தான் செய்து கொடுத்தது.

"எதுல போச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார் ஹோட்டல்காரர்.

"தெரிஞ்சா அந்தத் துண்ட மட்டும் எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா?"

"மொத்தத்தையும் கடல்ல கொட்டு. சாப்பிட வர்ற ஒருத்தன் தொண்டையில இது சிக்கிச்சுன்னா ஹோட்டலையே பூட்ட வேண்டியதுதான்."

"கொட்டுறதுக்கு முன்னாடி தேடிப் பாத்துடறேன். அண்ணே, அந்தத் தையல்காரிய ஒரு சத்தம் போடுங்க!"

தையல்காரி அவளுடைய நாத்தனார், மாப்பிள்ளையின் தங்கை. மார்க்கெட் வாசலிலேயே மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். "ஊசி பொறுக்குற காந்தத்த எடுத்துட்டு ஓடியா!" என்று நான் கத்தினேன். என்ன ஏது என்று கேட்காமல், கழுத்தில் அளவு நாடா பறக்க ஓடி வந்தாள். காந்தத்தில் குண்டூசிகள் முள்ளம்பன்றி போல ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தனையையும் வழித்து என் கையில் கொட்டிவிட்டு, காந்தத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றித் தங்கச்சியிடம் நீட்டினாள்.

துண்டு துண்டாகத் தடவினாள் தங்கச்சி. முன்பக்கம், பின்பக்கம், தோலோரம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. எதிர் வரிசையில் வெட்டுகிற ஒரேபோடு கூடக் கட்டையை விட்டு இறங்கி வந்தார். எவ்வளவு பெரிய மீன் தலையையும் ஒரே போடில் எடுப்பவர், அதனால் அந்தப் பெயர். எல்லாத் துண்டும் முடிந்துவிட்டது. ஒன்றும் ஒட்டவில்லை. ஹோட்டல்காரர் உதட்டைப் பிதுக்கினார். தங்கச்சி காந்தத்தைக் கட்டையின் மேலேயே, ரத்தமும் செதிலும் கிடந்த ஈரத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். பிளாஸ்டிக்கில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"இந்தா இருக்கான்!"

எடுத்துப் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்தது. ஒரு துணுக்கும் குறையவில்லை. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஹோட்டல்காரரே சிரித்துவிட்டார். ஆனால் சிரித்த வாயோடு ஒரு துண்டை எடுத்துப் பலகையில் பக்கவாட்டாக நிறுத்தினார்.

"நீ மறைக்காமச் சொன்ன பாரு, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா இதப் பாரும்மா. மேல தடியா இருக்கு, கீழ வரவர மெலியுது. சட்டியில போட்டா ஒரு ஓரம் கருகுது, இன்னொரு ஓரம் பச்சையா நிக்குது. எத்தனை தடவ சொல்லிட்டேன்? அடுத்த சரக்கும் இப்படி வந்துச்சுன்னா நான் ஒரேபோடுகிட்ட போயிடுவேன். அப்புறம் வருத்தப்படாத."

தங்கச்சி குழாயில் கை கழுவினாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். அந்த வலி அவளுக்குப் பல மாதமாக இருக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டுவாள், கேட்டால் "ஈரத்துல அப்படித்தான் இருக்கும்" என்பாள்.

மாப்பிள்ளை கத்தி செய்ததே அந்த வலிக்காகத்தான். அச்சகங்களில் கட்டுக்கட்டாகக் காகிதம் வெட்டும் மெஷின்கள் உண்டல்லவா, அதில் ஆள் நீளத்துக்கு ஒரு கத்தி இருக்கும். அந்தக் கத்திகளைச் சாணை பிடிக்கிற பட்டறையில் அவருக்கு வேலை. இரும்பு என்றால் அவருக்கு உயிர். சாப்பிடும்போது ஸ்பூனைக்கூடத் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்பார். இரும்பையே அறுக்கிற மெஷின் ரம்பத்தின் பழைய பிளேடு ஒன்றை எடுத்து, மெல்லிசாக இழைத்து, அந்த முதல் கத்தியைச் செய்தார்.

சில்லு தெறித்த அன்று சாயங்காலம் சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. பிறகு தையல்காரி வந்து, "அண்ணே, நீங்க நேர்லயே வந்து கேட்டுக்குங்க, சுவத்துல காது வச்சு வச்சுச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கு," என்றாள். போனேன். அவள் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சமையல் அவள்தான். "நாள் முழுக்க வெட்டிட்டு வந்து வீட்டுலயும் கத்தியத் தொட என்னால ஆகாது" என்று கல்யாணமான புதிதிலேயே தங்கச்சி சொல்லிவிட்டாள்.

"முள்ளுல வச்சு அடிக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னா?" மாப்பிள்ளை உடைந்த கத்தியை விளக்கடியில் பிடித்துக் குமுறிக்கொண்டிருந்தார். "இது எப்பேர்ப்பட்ட எஃகு தெரியுமா? கண்ணாடி மாதிரி கடினம். விளிம்பு எத்தனை நாளானாலும் மழுங்காது."

"மீனுக்கு முள்ளு இருக்கும்னு உங்களுக்கு யாருமே சொல்லலியா?"

தையல்காரி சிரித்து, கையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டாள்.

"கடினமா இருந்தா உடையத்தான் செய்யும். கண்ணாடியக் கல்லுல போட்டா?"

"அப்ப எனக்கு எதுக்குக் கண்ணாடியக் குடுத்தீங்க? சதையில என்னமோ அருமையாத்தான் இறங்குச்சு, நான் இல்லேங்கல. ஆனா இதுவும் ஓடுது."

"என்னது ஓடுதா? கத்திக்குக் காலா இருக்கு ஓடறதுக்கு?"

"ஓடுதுன்னா ஓடுது. நான் நேராத்தான் வைக்கிறேன். உள்ள போகப் போக அது பாட்டுக்கு வெளிய ஓடுது."

"உன் கை கோணிக்கிட்டுப் போகுது. கத்தியக் குத்தம் சொல்லாத."

தங்கச்சி முட்டை உரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அப்புறம் மீண்டும் உரித்தாள். அந்தப் பேச்சை மார்க்கெட்டில் எல்லோரும் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். வீட்டிலும் கேட்பாள் என்று நினைத்திருக்க மாட்டாள்.

அடுத்த கத்தி லாரி வில்பட்டையிலிருந்து வந்தது. "இத எங்க வேணா அடி. உடையவே உடையாது," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தார். உடையவில்லைதான். முதுகுப் பக்கம் விரல் தடிமன். முள்ளைப் படக்கென்று எடுத்தது. ஆனால் சதையில் வைத்தால் வெட்டவில்லை, பிளந்தது. விறகில் ஆப்பு அடித்ததுபோல, விளிம்பு போய்ச் சேருமுன் மீன் இரண்டாக நெகிழ்ந்து நாராகக் கிழிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் உடம்பின் பாரம் முழுக்க அவள் மணிக்கட்டில் போய் இறங்கியது. மூன்றாவது மீனில் கத்தி கையிலிருந்து நழுவிக் கட்டைக்குக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெருவிரலின் அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். விரலை அப்படியும் இப்படியும் வளைத்துப் பார்த்தார்.

"பெருவிரலுக்குப் போற தசைநாண் உரசி உரசி வீங்கியிருக்கு. தினமும் மணிக்கட்டைத் திருகுற வேலையா செய்றீங்க?"

"மீன் வெட்டுறேன் டாக்டர்."

"கொஞ்ச நாளைக்குக் கத்தியையே பிடிக்காதீங்க. இப்படியே போனா அப்புறம் நான் கத்தி பிடிக்க வேண்டி வரும்."

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, கட்டைய யாருக்காவது விட்டுடலாம்னு பாக்கறேன்," என்றாள். அந்தக் கட்டைக்காக, குழாய்க்குப் பக்கத்து இடத்துக்காக, அவள் எத்தனை பேரோடு மல்லுக்கட்டினாள் என்று எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் அவளைப் போல நடக்கிற பெண் கிடையாது. ரப்பர் செருப்பில் தண்ணீரை இறைத்துக்கொண்டு, ஆளாளுக்கு ஒரு வார்த்தை வீசிக்கொண்டு, ராணி மாதிரி வருவாள்.

உள்ளே மாப்பிள்ளை மூன்றாவது கத்திக்குக் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தக் காகிதத்தைப் பிடுங்கினாள்.

"போதும். இத்தனை வருஷம் ஆச்சு, நான் வெட்டுறத ஒரு நாளாவது வந்து பாத்திருக்கீங்களா? பாக்காமலே எனக்குக் கத்தி செய்றாராம். காலே பாக்காம செருப்பு தைக்கிறவரு!"

உண்மைதான். அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவள் திரும்பும்போது பட்டறையில் இருப்பார். தையல்காரி, "அண்ணி சொல்றது சரிதானேண்ணா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை பட்டறைக்குப் போகவில்லை. மார்க்கெட்டுக்கு வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததால் எல்லோரும் அவரைச் சுகாதார ஆய்வாளர் என்று நினைத்து வழிவிட்டார்கள். என் ஐஸ் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். குளிர் பின்னால் ஏறியதும் எழுந்து நின்றார்.

"ஒரே ஒரு மீன்தான். கை தாங்காது," என்றாள் தங்கச்சி. மார்க்கெட்டில் எல்லோரும் வைத்திருக்கும் அதே ரகத்துப் பழைய கத்தியை எடுத்தாள். வஞ்சிரம் ஒன்று, கை நீளம். வலது கையால் மீனை அமுக்கினாள். இடது கையால் கத்தியை வைத்தாள். ஒரு துண்டு. இரண்டு துண்டு.

மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்து நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். விளிம்போரமாகப் பெருவிரலால் தடவினார். அப்புறம் சலவைச் சட்டையோடு அந்த மீன் தண்ணீரில் மண்டி போட்டு, கண்ணைக் கட்டையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். மூன்றாவது துண்டு விழுந்தது.

"நிறுத்து!"

அவர் போட்ட சத்தத்தில் ஒரேபோடு கூட ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கத்தியக் குடு. குடு குடு!" வாங்கி விளிம்பை நகத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுப் பார்த்தார். "இது யாரு தீட்டுனது?"

"எல்லாருக்கும் தீட்டுற சாணைக்காரர்தான். சைக்கிள்ல வருவாரே."

"ஒரு பக்கத்த மட்டும் சாய்வாத் தேய்ச்சுச் சரிவு வச்சிருக்கான். வலது பக்கம் சரிவு, இடது பக்கம் தட்டை." எழுந்து ஓடினார். ஒரேபோடு கையிலிருந்த கத்தியைக் கேட்காமலே வாங்கிப் பார்த்தார். அடுத்த கட்டையில் இருந்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். "அய்யோ, எல்லாமே அப்படித்தான்! ஏன், நான் செஞ்சு குடுத்ததும் அப்படித்தானே! காகிதக் கத்தி தீட்டித் தீட்டி அதே கைப்பழக்கத்துல வச்சுட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னன்னு சொல்லிட்டு அடிச்சுக்குங்க," என்றாள் தங்கச்சி.

"நீ இடது கை!"

"அடேங்கப்பா. இப்பத்தான் தெரிஞ்சுதா? வீட்டுல நான் எந்தக் கையால டம்ளர எறிஞ்சேன்னு நினைச்சீங்க?"

கூட்டம் சிரித்தது. அவர் காதில் விழவில்லை. "இங்க பாரு. தோணியில உட்கார்ந்து வலது பக்கம் மட்டும் துடுப்புப் போட்டா தோணி எந்தப் பக்கம் திரும்பும்?"

"இடது பக்கம்," என்றார்கள் இரண்டு மூன்று பேர். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் படகில் வளர்ந்தவர்கள்.

"அதேதான் இது. சரிவு வலது பக்கம் இருக்கு. மீனுக்குள்ள இறங்குனதும் அந்தச் சரிவு கத்திய இடது பக்கமாத் தள்ளும். வலது கைக்காரங்களுக்கு இடது பக்கம் என்ன இருக்கு? முழு மீனும் இருக்கு, அது தள்ள விடாமத் தாங்கிக்குது. உனக்கு? உனக்கு மீன் வலது பக்கம். இடது பக்கம் வெறும் துண்டு, அதுக்கு அப்பால காத்து. கத்தி வெளிய ஓடாம என்ன செய்யும்? நீ மணிக்கட்டத் திருகித் திருகி உள்ள இழுக்குற. ஒவ்வொரு துண்டுக்கும். ஒவ்வொரு நாளும்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப... நான் சொன்னது நிஜம்தானே. ஓடுது," என்றாள் தங்கச்சி.

"ஓடுது."

"என் கை?"

"உன் கையில ஒரு கோணலும் இல்ல. இந்தக் கத்தியில இவ்வளவு நேரா யாராலயும் வெட்ட முடியாது."

அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன். வெட்டுக்கட்டையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். செதில்கள் எல்லோர் மேலும் தெறித்தன. "அப்ப இன்னும் ஏன் இங்க நிக்கிறீங்க? போய்ச் செய்யுங்க!"

அன்று மத்தியானமே காற்று திரும்பியது. கடல் கறுத்துப் பொங்க ஆரம்பித்ததும் படகு எதுவும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மார்க்கெட் காலியானது. என் ஐஸ் பெட்டிக்குள்ளேயே கரைந்தது. எனக்கு அது நஷ்டம், தங்கச்சியின் கைக்கு அது மருந்து. துணிக்கட்டோடு அவள் வீட்டில் உட்கார்ந்தாள், வெளியே மழை.

உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை.

"இந்தத் தடவ எந்த இரும்பு?"

"மர மில்லுல அகலமா ஒரு பட்டை ரம்பம் ஓடுமே, பாத்திருக்கியா? அது அறுந்துபோச்சாம். ஒரு முழம் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இதுதான் உனக்கு. நாள் முழுக்க ரெண்டு சக்கரத்துல வளைஞ்சு வளைஞ்சு ஓடுற இரும்பு. மரத்துக்குள்ள ஆணி இருந்தாலும் படக்குன்னு ஒடிஞ்சிடக் கூடாது, அதே சமயம் பல்லும் மழுங்கிடக் கூடாது. மொதக் கத்தி ரொம்பக் கடினம், உடைஞ்சுது. ரெண்டாவது உடையல, ஆனா நான் முரடா வச்சுட்டேன். இது ரெண்டுக்கும் நடுவுல. அதோட பாரு, எவ்வளவு மெல்லிசு!" பட்டையைச் சுண்டினார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. அவர் முகம் குழந்தை முகம் ஆனது.

"விளிம்ப சவரக்கத்தியாட்டம் வச்சுடறேன், முழு நீளத்துக்கும்."

"வேண்டாம். முள்ள என்ன பண்றது? என் வாயால கடிக்கவா?" அவள் தரையில் தண்ணீர் தொட்டு ஒரு கத்தி வரைந்தாள். "பாருங்க. இந்த முனை, தோல் எடுக்க, வயித்தக் கீற. இங்க மெல்லிசா வேணும். நடுவுல இந்த இடம்தான் சதையில ஓடுது, இங்கயும் மெல்லிசு. ஆனா கைப்பிடிகிட்ட இந்த நாலு விரல் இடம் இருக்கே, இதத்தான் முள்ளுல வச்சுத் தட்டுவேன். இது தடியா நிக்கணும்."

"ஒரே கத்தியில ரெண்டு சரிவா?"

"ஏன், முடியாதா?"

அவர் தரையில் இருந்த ஈரப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடியும். கைப்பிடிகிட்ட மழுங்கலாத் தொடங்கி, முனைக்குப் போகப் போகச் சாய்ச்சுக்கிட்டே போகணும். யாரும் இப்படி வச்சு நான் பாக்கல," என்றவர், தொடையில் தட்டி எழுந்தார். "வாங்க எல்லாரும். முதலாளி சாவி குடுத்திருக்காரு!"

நாங்கள் நாலு பேரும் குடையும் சாக்குமாக மழையில் பட்டறைக்கு ஓடினோம். சாணைச் சக்கரம் சுழன்றதும் பேச்சு நின்றது. பட்டையை வைத்ததும் பொறி வாசல் வரை பாய்ந்தது. பட்டை சூடேறாமலிருக்கத் தையல்காரி குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் அவள் வேலை. தட்டைப் பக்கம் வலது பக்கம், சரிவு இடது பக்கம். மாப்பிள்ளையின் கை பழக்கத்தில் பட்டையைத் திருப்பிப் பிடித்துவிடும். தங்கச்சி உடனே, "இடது! இடது!" என்று கத்துவாள். அணிவகுப்பு நடத்துவதுபோல இருந்தது.

முனைக்கு வந்தபோது தையல்காரி முகத்தில் பட்ட பொறியைத் தட்டிவிட ஒரு கணம் திரும்பினாள். அவ்வளவுதான். சூட்டில் முனை மஞ்சளாகி, பழுப்பாகி, கண்ணெதிரே மயில் நீலமாக மாறியது.

"போச்சு!" மாப்பிள்ளை சக்கரத்தை நிறுத்தினார். "நீலம் ஏறிடுச்சு. இனிமே அந்த இடம் வெறும் தகரம். விளிம்பு நிக்காது."

தையல்காரி கையில் குவளையோடு விறைத்து நின்றாள். "அண்ணி, நான்..."

"உன் கண்ணு நல்லா இருக்கா? அதச் சொல்லு மொதல்ல," என்றாள் தங்கச்சி. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீலம் உள்ள இடத்த மட்டும் வெட்டி எறிங்க."

"கத்தி குட்டையாயிடுமே."

"என் கை என்ன நீளமாவா இருக்கு?"

வெட்டினார். தங்கச்சி அதை வலது கையில் எடை பார்த்தாள், அப்புறம் வலிக்கிற இடது கையில் மெதுவாக மாற்றிக்கொண்டாள். காற்றில் ஒரு இழுப்பு இழுத்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார். கைப்பிடிக்குத் தையல்காரி சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்துத் தைத்தாள், ஈரத்தில் வழுக்காமல் இருக்க. தன் தப்புக்கு ஈடாக அவள் போட்ட தையல் அது. செருப்பு தைக்கிறவர் பார்த்தால் பொறாமைப்படுவார்.

காற்று அடங்கிய காலையில் படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் தொடாத கடல் அல்லவா, வஞ்சிரம் வஞ்சிரமாகக் கொட்டியது. வெயில் சுள்ளென்று ஏறியது. ஐஸ் ஆலையில் மழைத் தண்ணீர் புகுந்து மெஷின் நின்றுவிட்டதால் என்னிடம் பாதிப் பெட்டிதான் ஐஸ். மார்க்கெட் முழுக்க ஒரே கூச்சல். "வெட்டுங்க, வெட்டுங்க, வெயில் ஏறுது!" என்று படகுக்காரர்கள் குதித்தார்கள். வெட்டி ஹோட்டல் குளிர்பெட்டிக்குள் போகாத மீன் அத்தனையும் உச்சி வெயிலுக்குள் நாறிவிடும்.

ஹோட்டல்காரர் மூன்று கூடையோடு வந்து, தங்கச்சியைத் தாண்டி ஒரேபோடு பக்கம் போனார். அங்கே மீன் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. "சார், சாயங்காலம் வாங்க," என்றார் ஒரேபோடு, தலை நிமிராமல். ஹோட்டல்காரர் வேறு வழியில்லாமல் திரும்பினார். "ஒண்ணு வெட்டு. பாத்துட்டுத்தான் மிச்சம்."

மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றிருந்தார். ஐஸ் கட்டியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை.

தங்கச்சி கத்தியை வைத்தாள். இழுத்தாள். அழுத்தவே இல்லை, இழுக்க மட்டும் செய்தாள். சதைக்குள் சத்தமே இல்லாமல் இறங்கியது. நடுமுள் தட்டுப்பட்டதும் கத்தியைக் கைப்பிடி வரை முன்னால் தள்ளினாள். மரக்கட்டையால் ஒரு தட்டு. துண்டு அப்படியே சாய்ந்து விழுந்தது. விளிம்பைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

ஹோட்டல்காரர் துண்டை நிறுத்தினார். இந்தப் பக்கம் விரல் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்து நிறுத்தினார்.

"மூணு கூடையும் இங்கயே இறக்கு," என்றார் தன் ஆளிடம்.

அதற்கப்புறம் நடந்ததை நான் இதுவரை எந்த மார்க்கெட்டிலும் பார்க்கவில்லை. நான் மீனை எடுத்துப் போட, தையல்காரி துண்டுகளை அடுக்க, மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்ற, தங்கச்சியின் கை போய்க்கொண்டே இருந்தது. இடையிடையே நிறுத்திப் பெருவிரலை மடக்கிப் பார்ப்பாள். "வலிக்குதா?" என்பார் மாப்பிள்ளை. "பழைய வலி கொஞ்சம் இருக்கு. புதுசா ஒண்ணும் ஏறல!" என்று கத்துவாள். துண்டுகள் அச்சில் வார்த்த மாதிரி கூடையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தன. படகுக்காரர்கள் தங்கள் மீனை இவள் பக்கம் திருப்ப ஆரம்பித்தார்கள். வெயில் உச்சிக்கு வருமுன் குவியல் தரை தொட்டது.

ஒரேபோடு தன் வேலையை முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "குடு பாப்போம் அந்த மாயக் கத்திய."

"வலது கையாலயா வெட்டப் போறீங்க? வேண்டாம்ணே," என்றாள்.

"எந்தக் கத்தியும் எனக்கு அடங்கும். குடு."

கொடுத்தாள். அவர் ஒரு மீனைப் போட்டு வெட்டினார். துண்டு விழுந்தது. மேலே தடி, கீழே மெல்லிசு. கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் முறைத்துவிட்டு இன்னொன்று வெட்டினார். அதுவும் அப்படியே. மூன்றாவது துண்டுக்கு மணிக்கட்டைத் திருகி உள்ளே இழுத்தார். நான்காவதற்கு இன்னும் இறுக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது. கொஞ்சம் நேராக வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டைத் தேய்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து மெல்லச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"இப்படிக் கைக்கு எதிரா ஓடுற கத்திய வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா வெட்டுன?" என்றார்.

"ஆமாண்ணே."

"நாலு துண்டுலயே எனக்கு உசுரு போகுது."

அவர் கத்தியைக் குழாயில் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. இறால் வரிசையில் உட்காரும் ஒரு பெண், யாரோடும் அதிகம் பேசாதவள். மணிக்கட்டில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. உயர்த்தியிருந்தது இடது கை.

"அக்கா, எனக்கும் ஓடுது," என்றாள். "என் கைதான் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மர மில்லுல அந்த ரம்பம் இன்னும் ஒரு சுருள் கிடக்குது! முழுசா கிடக்குது!"

தங்கச்சி ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தன் கட்டைக்கு இழுத்து வந்தாள். கத்தியை அவள் இடது கையில் வைத்தாள். மீனைத் தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுத்தாத. இழு, போதும்."

அவள் பயந்து பயந்து இழுத்தாள். கத்தி நேராக இறங்கியது. துண்டு சாய்ந்ததும் அதைக் கையில் எடுத்து நிமிர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டுக்கூடப் பார்க்காமல் அடுத்த துண்டுக்குக் கத்தியை வைத்தாள்.